பூமியில் நடந்து பாருங்கள்

 

 

2017-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 4-ஆம் தேதி இரவை இந்தப் பினாங்கில் கடை வைத்திருப்பவர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். சனிக்கிழமை பிடித்த மழை விடிய விடிய விடவில்லை. மரங்கள் வேரோடு சாய்ந்தன. மாநிலம் முழுவதிலும் ஏழு பேர் மௌத்தானார்கள். உயிரைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு முன்னால் நமது சரக்கு நஷ்டத்தைப் பேசுவது வெட்கமான காரியந்தான். ஆயினும் கீழ்த்தட்டில் அடுக்கியிருந்த அரிசி மூட்டைகள் ஊறிப் புடைத்ததும், துணிக்கட்டுகளைப் பிரித்து ஐந்தடியில் காயப்போட்டதும், பேரேடுகளின் மை கரைந்து போனதும் நம்மில் பலர் அனுபவித்தவை.

மூன்றாம் நாள், நம்மவர் ஒருவருடைய கடையில் சேறு அள்ளிக்கொண்டிருந்தோம். அவருடைய மகன், பத்து வயதுப் பையன், வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: “அத்தா, இந்தத் தண்ணீர் எங்கேயிருந்து வந்தது?”

“வானத்திலிருந்து வந்தது வாப்பா. அல்லாஹ் அனுப்பினான்.”

“வானத்திலிருந்து வந்தால் கூரையில்தானே விழும்? இது வாசல் வழியாக அல்லவா உள்ளே வந்தது?”

தகப்பனார் வாய் திறக்கவில்லை. அங்கே நின்ற நாம் நாலைந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முப்பது, நாற்பது வருஷமாக இந்த ஊரில் வியாபாரம் செய்கிறோம். கடையிலிருக்கும் ஒவ்வொரு மூட்டையும் எந்தத் துறைமுகத்திலிருந்து ஏறியது, எந்த லாரியில் வந்தது, வழியில் எத்தனை கிலோ சிந்தியது என்று கேட்டால் உறக்கத்திலும் சொல்லுவோம். வாசலுக்குள் நுழைந்த தண்ணீர் எந்த மலையில் விழுந்து, எந்த ஆற்றில் இறங்கி, எந்தத் தெருவால் வந்தது என்று சொல்ல நம்மில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தப் பையனுடைய கேள்விதான் இன்று நம்மைப் பேச வைக்கிறது.

சகோதரர்களே! திருக்குர்ஆனைத் திறந்து பாருங்கள். பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்ற கட்டளை அதில் ஓரிடத்தில் அல்ல, பல இடங்களில் வருகிறது. சூரத்துல் அன்கபூத்தில், சுற்றி வந்து படைப்பு எவ்விதம் தொடங்கியதென்று பார்க்கும்படி ஏவப்படுகிறது. சூரத்துல் காஷியாவில் ஒட்டகத்தையும், வானத்தையும், மலைகளையும், பூமியையும் பார்க்க மாட்டார்களா என்று கேட்கப்படுகிறது. நாமோ இவற்றை ராகத்தோடு ஓதிவிட்டு முஸ்ஹபை மூடி வைத்துவிடுகிறோம். பார் என்று சொன்ன மலை ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறது.

நாயகம் (ஸல்) அவர்கள் எப்படிக் கற்பித்தார்கள் என்பதற்கு ஒரு சம்பவம். ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டில் தபூக்கை நோக்கிப் படை சென்றபோது, ஹிஜ்ர் என்னுமிடம் வழியில் குறுக்கிட்டது. தமூது கூட்டத்தார் மலையைக் குடைந்து வாழ்ந்து, பின்னர் அழிந்துபோன இடம் அது. தாகத்தோடு வந்த ஸஹாபாக்கள் அங்கிருந்த கிணறுகளில் தண்ணீர் இறைத்து மாவும் பிசைந்துவிட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடும்படியும், பிசைந்த மாவை ஒட்டகங்களுக்குப் போட்டுவிடும்படியும் உத்தரவிட்டார்கள். ஸாலிஹ் (அலை) அவர்களுடைய ஒட்டகம் தண்ணீர் குடித்த கிணற்றில் மட்டுமே இறைக்கச் சொன்னார்கள். அழிந்தவர்களுடைய வீடுகளுக்குள் அழுத கண்ணோடன்றிப் போகவேண்டாம் என்றும் தடுத்தார்கள்.

தமூது கூட்டத்தாருடைய கதை மதீனாப் பள்ளிவாசலின் நிழலில் உட்கார்ந்து சொல்லக்கூடாத கதையா? சொல்லியும் இருந்தார்கள், வஹீயாகவும் இறங்கியிருந்தது. ஆனால் அந்தக் கிணற்றங்கரையில் நின்று, தாகத்தோடிருப்பவனுடைய கையிலுள்ள தண்ணீரைக் கொட்டச் சொன்னபோது, அந்தப் பாடம் அவர்களுடைய நாவிலும் வயிற்றிலும் ஏறியது. இன்னொன்றையும் கவனியுங்கள். தமூது கூட்டத்தாருக்கு வந்த சோதனையே தண்ணீர்ப் பங்கீடு சம்பந்தமானது. ஒரு நாள் ஒட்டகத்துக்கு, ஒரு நாள் அவர்களுக்கு என்று முறை வைக்கப்பட்டது. அந்த முறையைப் பொறுக்கமாட்டாமல் ஒட்டகத்தை வெட்டினார்கள்.

இந்த வழியைப் பிற்காலத்தில் நமது அறிஞர்கள் எவ்வளவு தூரம் கொண்டு போனார்கள் என்பதற்கு அல்பீரூனி ஒருவர் போதும். பதினோராம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தவர். வான சாஸ்திரம் அறிந்தவர், கணிதம் அறிந்தவர், சமஸ்கிருதம் கற்றவர். வடஇந்தியச் சமவெளியில் கிணறு வெட்டும்போது வெளிவந்த கற்களை அவர் கவனித்தார். மலைக்கு அருகே கல் பெரிதாக இருந்தது. மலையை விட்டு விலக விலகச் சிறுத்தது. கடலை நெருங்கும்போது பொடி மணலாகிவிட்டது. இதை வைத்துக்கொண்டு, அந்தச் சமவெளி ஒரு காலத்தில் கடலாயிருந்து, மலையாறுகள் கொணர்ந்த வண்டலால் தூர்ந்து நிலமாயிற்று என்று எழுதி வைத்தார். ஒருவருடைய மூளைக்குள் இத்தனை இல்முகளும் ஒன்றாகக் குடியிருந்தபடியால்தான் ஒரு கூழாங்கல்லைப் பார்த்து அவரால் இதைச் சொல்ல முடிந்தது.

இப்பொழுது நமது பிள்ளைகளுடைய பாடசாலையைப் பாருங்கள். பூகோளம் ஒரு பீரியட், சரித்திரம் ஒரு பீரியட், விஞ்ஞானம் வேறு, மார்க்கம் வேறு. மணி அடித்தவுடன் ஒரு புத்தகத்தை மூடி இன்னொன்றைத் திறக்கிறார்கள். வாத்தியார்களைக் குறை சொல்வதற்கில்லை. பரீட்சை அப்படி இருக்கிறது. ஆனால் மழை பெய்யும்போது, நான் பூகோளமா, சரித்திரமா என்று கேட்டுக்கொண்டு பெய்வதில்லை.

ஆகவே சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நமது பிள்ளைகள் இருபத்திரண்டு பேரை அழைத்துக்கொண்டு நாம் ஒரு நடை நடந்தோம். கூட வந்தவர்கள்: பாடசாலையில் பூகோளம் கற்பிக்கும் ஒரு அம்மையார், மத்ரஸாவின் ஆலிம்சா, தண்ணீர் இலாகாவில் பல வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற ஒரு மலாய்ப் பெரியவர், மிளகு வியாபாரத்தில் தலை நரைத்த நமது ஹாஜியார் ஒருவர். பையன்கள் மலாய்ப் பெரியவரைப் பாக் சிக் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவரை ஒரு நிமிஷமும் சும்மா விடவில்லை.

கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் சுபுஹு தொழுதுவிட்டுக் கிழக்கே நடந்தோம். பீச் ஸ்திரீட்டில் நின்று அந்த அம்மையார் கேட்டார், இதற்கு ஏன் கடற்கரைத் தெரு என்று பெயர், கடலைக் காணோமே என்று. இங்கிலீஷில் பீச் ஸ்திரீட் என்றாலும், மலாயில் லெபு பந்தாய் என்றாலும் பொருள் ஒன்றுதான். அதில் தினந்தோறும் சரக்கு ஏற்றி இறக்கும் நமக்கே அந்தக் கேள்வி தோன்றியதில்லை. உண்மையில் கடல் அந்தத் தெரு வரைக்கும் இருந்தது. 1880-களில் கடலைத் தூர்த்து வெல்ட் கீயை உண்டாக்கினார்கள். கப்பல் சரக்குகள் வந்து குவிந்த அந்தக் கிட்டங்கிகளெல்லாம் நேற்றைய கடலின் மேல் எழுந்தவை. ஆக, கடல் மட்டம் ஒரு சாண் உயர்ந்தால் முதலில் யாருடைய படிக்கட்டில் ஏறும் என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். உலகக் கடல்களின் சராசரி மட்டம் 1901-லிருந்து 2018-க்குள் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்று அம்மையார் சொன்னார். அது ஏறத்தாழ அந்தப் பெண் கேட்ட ஒரு சாண்தான்.

அங்கிருந்து லைட் ஸ்திரீட்டுக்குப் போனோம். கோர்ட்டுக் கட்டிடத்துக்குப் பக்கத்தில் ஒரு சலவைக்கல் நினைவுச் சின்னம் இருக்கிறது. ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்ற வழக்கறிஞருக்காக எழுப்பியது. 1869-இல் இந்த ஊரிலேயே இறந்தவர். அவர் நடத்திய சஞ்சிகையில் 1848-ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டுரை எழுதினார். பினாங்கு மலைக்காடுகளை ஓயாமல் அழித்துக்கொண்டே போனால் இத்தீவின் சீதோஷ்ணம் என்னவாகும் என்பதுதான் அதன் பொருள். நூற்றெழுபது வருஷங்களுக்கு மேலாகிறது! இன்று சீதோஷ்ண மாறுதல் என்று பேசும்போது, இது யாரோ நேற்றுக் கொண்டுவந்த புதுப் பேச்சு என்று தோள் குலுக்குகிறவர்கள் அந்தக் கல்லுக்கு முன்னால் சிறிது நேரம் நிற்க வேண்டும்.

காடு ஏன் வெட்டப்பட்டது என்று பையன்கள் கேட்டார்கள். மிளகுக்காகவும், ஜாதிக்காய்க்காகவும், கிராம்புக்காகவும் மலைச் சரிவுகள் திருத்தப்பட்டன என்று பதில் வந்தது. உடனே ஒருவன் திரும்பி ஹாஜியாரிடம், “அப்பா, மிளகு விற்றது நாம்தானே?” என்றான். ஹாஜியார் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “ஆமாம் தம்பி, நாமுந்தான்” என்றார். வேறு எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். மழுப்பாமல் சொன்னதற்காக அவர் மீது நமக்கு மரியாதை கூடியது. தோட்டம் போட்டவன் வேறொருவன், சட்டம் போட்ட சர்க்கார் வேறொன்று என்பது மெய்தான். ஆனால் வாங்கி விற்ற லாபம் நமது பெட்டிக்கும் வந்தது. கணக்கென்று வந்தால் வரவையும் எழுதத்தான் வேண்டும்.

பிற்பகலுக்கு முன்பாகத் தாவரத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். 1884-இல் அமைக்கப்பட்ட தோட்டம். அருவி இருக்குமிடம் குடிதண்ணீர்க் காவலுக்குள் இருப்பதால், தோட்டத்துக்குள் ஓடும் ஆற்றங்கரையில் பிள்ளைகளை இறக்கினோம். மேலே ஆனை படுத்திருப்பது போன்ற கருங்கற்கள். ஐம்பது அடி கீழே வந்தால் தேங்காயளவு. இன்னும் கீழே நெல்லிக்காயளவு. ஆலிம்சா அப்போதுதான் அல்பீரூனியின் கதையைச் சொன்னார். முன்கூட்டியே சொல்லியிருந்தால் அது ஒரு கதையாகப் போயிருக்கும். கல்லைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டபடியால் பையன்கள் தண்ணீருக்குள்ளேயே குந்தி உட்கார்ந்துவிட்டார்கள்.

பாக் சிக் தமது கைத்தடியால் மணலில் கோடு போட்டுக் காட்டினார். இந்த அருவியாறும், ஆயர் ஈத்தாம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் ஆறும் சேர்ந்துதான் சுங்கை பினாங்கு. அது தட்டையான நகரத்துக்குள் நுழைந்து கடலில் விழுகிறது. மலை செங்குத்து, ஊர் தட்டை. மேலே கொட்டும் மழை சிறிது நேரத்தில் கீழே வந்துவிடும். அந்த நேரம் கடல் ஏற்றமாக இருந்தால் ஆற்றுக்கு வாய் அடைத்துக்கொள்ளும். பின்னுக்குத் தள்ளப்பட்ட தண்ணீர் பி. ரம்லி சாலைப் பக்கத்துத் தாழ்வான வீடுகளுக்குள் போகும். நம்முடைய கடைப் பையன், அந்த வாளிப் பையன், இப்பொழுது வாலிபனாகி, தம்பிமார்களைப் பார்த்துக்கொள்ள நம்மோடு வந்திருந்தான். அவன் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து மலையிலிருந்து கடல் வரை இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தோம். இடையில் ஓரிடத்தில் விரல் நின்றது. அது அவனுடைய அத்தாவின் கடைத்தெரு.

அன்று மாலை மூன்று மணிக்கு மழையும் வந்து சேர்ந்தது. வியாபாரிகளல்லவா, லாபத்தையெல்லாம் யோசித்த நாம் குடை கொண்டுவர மறந்துவிட்டோம். ஆலிம்சாவிடம் மட்டும் ஒரு குடை இருந்தது. அதற்குள் ஏழு பேர். அம்மையார் முன்யோசனையாக வாங்கி வைத்திருந்த காலிப் பால் டின்களை வெளியில் வைத்துப் பிள்ளைகள் மழையை அளந்தார்கள். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை நின்றால் அது ஒரு லிட்டர். இருபது அடி அகலமும் அறுபது அடி நீளமும் உள்ள ஒரு கடையின் கூரையில், ஒரு நாளைக்கு முந்நூறு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், சுமார் 33,000 லிட்டர் விழுகிறது. ஒரு கூரைக்கு மட்டும் இவ்வளவு. தெருவில் எத்தனை கூரை, எத்தனை தார்ச் சாலை, எத்தனை சிமெண்டு முற்றம்! குடிக்க மண் இல்லாத ஊரில் அத்தனையும் ஒரே சாக்கடையைத்தான் தேடும். இந்தக் கணக்கைப் போட்டவன் கணிதத்தில் தேறாதவன் என்று வீட்டில் திட்டு வாங்கும் பையன்.

இனி மழை ஏன் இப்படி மாறுகிறது என்ற விஷயம். நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதாலும், காட்டை அழிப்பதாலும் கரியமில வாயு காற்றில் மிகுகிறது. அது வெப்பத்தை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது. 1850-லிருந்து 1900 வரையிலான காலத்தை விட 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டுகளில் பூமியின் வெப்பம் சராசரியாக 1.1 டிகிரி கூடியிருந்தது. 2024-ஆம் ஆண்டு 1.5 டிகிரியைத் தாண்டிய முதல் ஆண்டாக அமைந்தது. காற்று ஒரு டிகிரி சூடானால் அதனால் சுமார் நூற்றுக்கு ஏழு பங்கு அதிகமான ஈரத்தைச் சுமக்க முடியும். பெரிய மூட்டை சுமக்கிறவன் இறக்கும்போதும் பெரிதாகத்தானே இறக்குவான்? ஆனால் ஒரே ஒரு வெள்ளத்தை எடுத்துக்கொண்டு முழுப் பழியையும் இதன் மேல் போடுவது நேர்மையாகாது. சாக்கடையை அடைத்தவனுக்கும், சரிவை வெட்டியவனுக்கும், ஆற்றோரம் வரை கட்டிடம் எழுப்பியவனுக்கும் அதில் பங்குண்டு. அதே 2017-ஆம் ஆண்டு அக்டோபர் 21-இல் தஞ்சோங் பூங்காவில் கட்டிட வேலை நடந்த இடத்தில் மண் சரிந்து பதினொரு தொழிலாளர்கள் புதைந்து மாண்டதையும் இங்கே நினைக்க வேண்டும். பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். நம்முடைய பாட்டன்மாரைப் போலச் சபுராளிகள்.

சபுராளி என்றதும் ஊர் ஞாபகம் வருகிறது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையேறியது. முத்துப்பேட்டையில் தலைமுறை தலைமுறையாக நின்ற அலையாத்திக் காடு சிதைந்தது. இலட்சக்கணக்கான தென்னைகள் முறிந்தன. இங்கிருந்து நாமும் பணம் அனுப்பினோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எத்தனை பேருக்குத் தெரியும், அந்தப் புயலின் மூலமான காற்றழுத்தத் தாழ்வு தாய்லாந்து வளைகுடாவில் பிறந்து, மலாய்த் தீபகற்பத்தைக் குறுக்கே தாண்டி, அந்தமான் கடலுக்குள் போய்த்தான் பலம் பெற்றது என்று? நமது வீட்டுக் கூரையைக் கடந்து போன மேகம் நமது உம்மாவின் வீட்டுக் கூரையைத் தூக்கியிருக்கிறது. இரண்டு கரையும் ஒரே காற்றின் வழியில் இருக்கின்றன.

இது நமது முன்னோர்களுக்குத் தெரியும். கச்சான் காற்றில் பாயேற்றிக் கிழக்கே வந்து, வாடைக்காற்றில் ஊர் திரும்பியவர்கள் அவர்கள். எந்த மாதம் எந்தத் திசையில் மேகம் கறுக்கும், கடல் நிறம் மாறினால் என்ன பொருள் என்பதெல்லாம் அவர்களுக்கு வியாபார ஞானத்தில் ஒரு பகுதி. அதில் பிசகினால் சரக்கு மட்டுமல்ல, ஜனாஸாவும் கரை சேராது. நாமோ கைபேசியைத் தட்டி மழைப் படத்தைப் பார்த்துவிட்டு வானத்தை அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டோம். கைபேசி நல்ல சாதனந்தான், அதை ஏசவில்லை. ஆனால் அது எல்லா ஊருக்கும் பொதுவாகச் சொல்லும். நமது தெருவின் எந்த மூலையில் தண்ணீர் முதலில் தேங்கும் என்பதை அந்தத் தெருவில் நடந்தவன்தான் சொல்ல வேண்டும்.

ஒளூச் செய்யும் தண்ணீருக்கு வருவோம். பினாங்கு மாநிலத்துக்கு வேண்டிய கச்சாத் தண்ணீரில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் சுங்கை மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆறு கெடாவின் உலு மூடா காடுகளில் பிறக்கிறது. கடலடிக் குழாய் வழியாகவும் தண்ணீர் இந்தத் தீவுக்கு வருகிறது. ஆக, நமது ஹவுளில் நிற்கும் தண்ணீர் வேறொரு மாநிலத்துக் காட்டின் கடன். ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் வீண் செய்யாதே என்று நாயகம் (ஸல்) அவர்கள் தோழர் ஒருவருக்குச் சொன்னதாக ரிவாயத்து வருகிறது. நம் பள்ளிவாசல் குழாயைத் திறந்துவிட்டு, பக்கத்திலிருப்பவரிடம் வெங்காய விலை விசாரிக்கும் அன்பர்களை நாம் பார்த்திருக்கிறோம். நாமே விசாரித்தும் இருக்கிறோம்.

சூரத்துர் ரஹ்மானில் வானத்தை உயர்த்தியதைச் சொன்ன கையோடு தராசைச் சொல்கிறான் அல்லாஹ். நிறுவையில் வரம்பு மீறவேண்டாம் என்று அதைத் தொடர்ந்தே எச்சரிக்கிறான். அந்த ஆயத்தை நாம் கடைத் தராசுக்கு மட்டும் சொந்தமாக்கிக் கொண்டோம். வானத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்லப்பட்ட தராசு அது என்பதை யோசிக்கவில்லை. சூரத்துல் முஃமினூனில், தண்ணீரை அளவோடு இறக்கி நிலத்தில் தங்க வைத்ததாகவும், அதைப் போக்கிவிடவும் தனக்கு ஆற்றல் உண்டென்றும் கூறுகிறான். படிக்கல் குறைந்தால் மறுமையில் கேள்வி உண்டென்று நடுங்குகிற நாம், மண் குடிக்கவேண்டிய தண்ணீரைச் சிமெண்டு போட்டுத் தடுத்ததற்குக் கேள்வி இராது என்று எப்படி நினைத்தோம்?

நிற்க. இந்த நடையைப் பற்றி நமது அன்பர்கள் சிலர் குறை சொன்னார்கள். அவற்றை மறைக்க விரும்பவில்லை.

ஒருவர் சொன்னார்: எல்லாம் அல்லாஹ்வின் கத்ரு, இதில் படிக்க என்ன இருக்கிறது என்று. ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைக்கட்டுமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டுத் தவக்குல் வையும் என்று ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் கூறியதை அவருக்கு நினைவூட்டினோம். அவரே தமது கடைக்குத் தீ இன்ஷூரன்ஸ் கட்டியிருப்பதையும் மரியாதையாக நினைவூட்டினோம்.

இன்னொருவர், பிள்ளைகளுக்கு டியூஷன் கெட்டுப்போகிறது என்றார். இவருடைய கவலை நியாயமானது. பரீட்சையில் மார்க்கு வாங்காத பிள்ளைக்கு இந்த நாட்டில் கதவு திறக்காது என்பதை நாம் அறிவோம். ஆனால் வருஷத்தில் ஐம்பத்திரண்டு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. நாம் கேட்பது இரண்டு.

மூன்றாமவர்தான் நம்மைச் சங்கடப்படுத்தினார். “நீங்கள் பிள்ளைகளை நடக்கவிட்டீர்கள், நல்லது. தகப்பன்மார் எத்தனை பேர் வந்தீர்கள்?” என்று கேட்டார். எண்ணிப் பார்த்தோம். இருபத்திரண்டு பிள்ளைகள், தகப்பன்மார் நாலு பேர். மற்றவர்கள் கடையில். அவர்களைச் சொல்வானேன், நமது காலத்தில் நாமும் நமது மக்களைக் கல்லாவில் உட்காரவைத்துச் சில்லறை எண்ணக் கற்பித்தோமே தவிர, ஒரு நாளாவது மலைப் பக்கம் கூட்டிப் போனதில்லை. இன்று அவர்கள் பெரியவர்களாகி, தங்கள் பிள்ளைகளை நம்மிடம் ஒப்படைத்துவிட்டுக் கல்லாவில் இருக்கிறார்கள். நாம் கற்பித்ததைத்தானே செய்கிறார்கள்?

கியாமத்து வந்துவிட்டது என்று தெரிந்தாலும் கையில் ஒரு கன்று இருந்தால் அதை நட்டுவிடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த நடை அதற்கான இடத்தை நோக்கித்தான். பேராக்கில் கோலா சப்பேத்தாங்குக்குப் பக்கத்தில் மாத்தாங் சதுப்புக்காடு இருக்கிறது. சுமார் 40,000 ஹெக்டேர் பரப்பு. 1900-களின் தொடக்கத்திலிருந்து, முப்பது வருஷத்துக்கு ஒரு சுற்று என்று முறை வைத்து வெட்டியும், வெட்டிய இடத்தில் நட்டும் பராமரிக்கப்பட்டு வந்த காடு. அந்த மரத்திலிருந்துதான் பாக்காவ் கரி எரித்தார்கள். சாப்பாட்டுக் கடை நடத்தியவர்களுக்குப் பாக்காவ் கரியைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. முறை வைத்து எடுத்தால் எத்தனை காலம் எடுக்கலாம் என்பதைப் பிள்ளைகள் அங்கே பார்க்கட்டும். முத்துப்பேட்டைக்காரர்கள் வந்தால் தங்கள் ஊர் அலையாத்தியையும் இந்த மரத்தையும் ஒப்பிட்டுச் சொல்லலாம். அதற்காகவே இருவரிடம் பேசி வைத்திருக்கிறோம்.

அடுத்த பள்ளி விடுமுறையின் முதல் ஞாயிற்றுக்கிழமை, சுபுஹு தொழுகை முடிந்தவுடன் பள்ளிவாசல் மேற்கு வாசலில் பஸ் நிற்கும். பெயர் கொடுக்கவேண்டிய புத்தகம் சங்கக் காரியதரிசியின் மேஜையில் இருக்கிறது. பிள்ளையின் பெயரை எழுதும் இடத்துக்குப் பக்கத்திலேயே தகப்பனாரின் பெயருக்கும் இந்த முறை ஒரு கோடு போட்டிருக்கிறோம். சேற்றில் கால் வைக்கவேண்டியிருக்கும், பழைய செருப்போடு வாருங்கள். காலிப் பால் டின் வைத்திருப்பவர்கள் கொடுத்துதவுங்கள். குடையை மறக்க வேண்டாம்.

வஸ்ஸலாம்.